கழுத்தில் அடி: யாருக்கு ஸ்கேன், யாருக்கு வேண்டாம்?

விபத்தில் அடிபட்டவரை அவசரப் பிரிவுக்குள் தள்ளிக்கொண்டு வரும்போதே உடன் வந்தவர்கள் கேட்பது, “ஸ்கேன் எடுத்தாச்சா டாக்டர்?” கழுத்தெலும்பு முறிவைக் கவனிக்காமல் விட்டால் கை கால் செயலிழக்கக்கூடும் என்பதால் அந்தப் பதற்றம் நியாயமானதே. ஆனாலும் நினைவு தெளிவாக, உடல்நிலை சீராக உள்ள பலருக்குப் படமே தேவைப்படாது.

இவர்களைப் பிரித்தறியும் விதியை ஒட்டாவாவின் மருத்துவர் இயன் ஸ்டீல் குழு 2001-இல் வெளியிட்டது. கனடாவின் 10 அவசரப் பிரிவுகளில் 8,924 பேரை ஆராய்ந்து உருவானது அது.

விதி அபாயத்திலிருந்து தொடங்குகிறது. 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர், மூன்றடி உயரத்திலிருந்தோ ஐந்து படிகளிலிருந்தோ விழுந்தவர், தலை நேராக மோதியவர், உருண்ட காரில் இருந்தவர், சைக்கிளில் மோதுண்டவர், கை கால் மரத்துப்போனவர்: இவர்களுக்குப் படம் எடுத்தே ஆக வேண்டும். இதில் எதுவும் இல்லையென்றால் அடுத்த கேள்விகள். பின்னால் வந்த வண்டி சாதாரணமாக இடித்ததா? எழுந்து நடந்தாரா? உட்கார முடிகிறதா? வலி தாமதமாக வந்ததா? பின்கழுத்தின் நடு எலும்பை அழுத்தினால் வலி இல்லையா? ஒன்றுக்காவது ‘ஆம்’ என்றால்தான் தலையை இரு பக்கமும் 45 டிகிரி தானாகத் திருப்பச் சொல்ல வேண்டும். திருப்பிவிட்டால் படம் வேண்டாம், வலித்தாலும்கூட.

நான் பார்த்தவரை, தவறு நேர்வது இந்த வரிசையில்தான். எடுத்த எடுப்பில் “கழுத்தைத் திருப்புங்க” என்பவர்கள் உண்டு. அது கடைசிப் படி. வீட்டிலோ சாலையோரத்திலோ யாரும் செய்து பார்க்கக் கூடாத படியும்கூட.

குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டி “எனக்கு ஒண்ணுமில்லப்பா” என்று எழுந்து உட்காருவார். அவரை அப்படியே அனுப்பிவிடக் கூடாது. முதியவர்களுக்குச் சிறு வீழ்ச்சியிலேயே இரண்டாம் கழுத்தெலும்பு முறிந்துவிடுவதுண்டு.

எக்ஸ்ரே போதுமா என்ற கேள்விக்கும் விடை உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் வந்த கட்டுரையின்படி, எக்ஸ்ரே கண்டுபிடித்தவை சுமார் 52 விழுக்காடு, சி.டி. 98 விழுக்காடு. கழுத்தின் அடிப்பகுதியைத் தோள்பட்டை மறைத்துவிடுவது எக்ஸ்ரேயின் பெரிய குறை. அபாயம் உள்ளவருக்கு நேராக சி.டி.தான் சரி. சி.டி. சரியாக இருந்தும் மரத்துப்போதல் தொடர்ந்தால், தண்டுவடத்தையும் தசைநார்களையும் காட்டும் எம்.ஆர்.ஐ. வேண்டும். அபாயமே இல்லாத இளைஞருக்கு சி.டி. எடுத்தால், கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி வீணாகக் கதிர்வீச்சை வாங்கிக்கொள்கிறது.

16 வயதுக்குக் கீழானவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், ஏற்கெனவே முதுகெலும்பு நோய் உள்ளவர்களுக்கும் இந்த விதி பொருந்தாது. முதுகெலும்பு இறுகிப்போகும் வாதநோய் இருந்தால் உடனே சொல்லிவிடுங்கள். லேசான அடியிலும் முறிவு வரலாம்.

உடன் வருபவர்கள் தரும் தகவல் மருத்துவருக்குப் பெரிய உதவி. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தார், பிறகு நடந்தாரா, மது அருந்தியிருந்தாரா, நினைவு தப்பியதா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். படம் எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பினால், கையில் ஊசி குத்துவது போன்ற உணர்வோ பலக்குறைவோ தெரிந்த உடனே திரும்பி வாருங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.