இயந்திரங்கள் பேசும் வகுப்பறை

கேள்வி: பத்தாம் வகுப்பு மாணவர்கள் ஆங்கில அணிகளுக்கு விளக்கம் ஒப்பிக்கிறார்கள், புதிய வரியைக் கொடுத்தால் திணறுகிறார்கள். எப்படிக் கற்பிப்பது?
– ஓர் ஆசிரியை, கும்மிடிப்பூண்டி

பதில்: பெயரைப் பிறகு சொல்லலாம். அணி கவிதையில் செய்யும் வேலையை முதலில் காட்ட வேண்டும். அதற்குத் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடநூலிலேயே நல்ல கவிதை உண்டு: ருட்யார்ட் கிப்ளிங்கின் ‘தி சீக்ரெட் ஆஃப் தி மெஷின்ஸ்’. 1865இல் மும்பையில் பிறந்த அவர் இதை வெளியிட்டது 1911இல்.

சுரங்கத்திலிருந்து எடுக்கப்பட்டதையும் உலையில் உருகியதையும் இயந்திரங்களே இதில் சொல்கின்றன. இரும்பு ஆலைகள் நிறைந்த உங்கள் ஊர் சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதிப் பிள்ளைகளுக்கு இது அந்நியமான உலகமே அல்ல. “கவிஞரே இயந்திரங்களை வர்ணித்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?” என்று கேட்கலாம். பெருமையும் எச்சரிக்கையும் கலந்த அந்தக் குரல் போய்விடும் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். அதற்குப் பிறகு ‘பெர்சானிஃபிகேஷன்’ என்று பலகையில் எழுதினால் மறக்காது.

தமிழ் வகுப்பும் கைகொடுக்கும். உவமையும் உருவகமும் தெரிந்தவருக்கு சிமிலியும் மெட்டஃபரும் எளிது.

ஆனால் எல்லாமே அப்படிப் பொருந்தாது. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கொடி காற்றில் இயல்பாக அசைகிறது. கோவலனையும் கண்ணகியையும் வர வேண்டாம் என்று தடுப்பதாகக் கவிஞர் காரணம் ஏற்றுகிறார். இந்தத் தற்குறிப்பேற்ற அணியை பெர்சானிஃபிகேஷனோடு ஒன்றாக்கிவிடக் கூடாது. அடுத்தடுத்த சொற்கள் ஒரே ஒலியில் தொடங்கும் அலிட்டரேஷனுக்கும் எழுத்தல்ல, ஒலியே கணக்கு: ‘சிட்டி’ (city), ‘கேட்’ (cat) இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் சேராது.

கடைசியாக, லேத் இயந்திரமோ கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலோ பேசுவதாக நான்கு வரி எழுதச் சொல்லலாம்.