டர்போ காருக்கு இன்ஜின் ஃப்ளஷ் அவசியமா?

சர்வீஸுக்கு விட்ட காரின் ஜாப் கார்டில் ஆயில், ஃபில்டருக்குக் கீழே ‘இன்ஜின் ஃப்ளஷ்’ என்று ஒரு வரி சேர்ந்திருக்கும். பழைய ஆயிலோடு ஒரு டப்பா கரைப்பானை ஊற்றி, வண்டியை நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிட்டு வடித்துவிடும் வேலை அது. டர்போ வண்டிக்குக் கட்டாயம் என்பார் ஒருவர். செய்தால் டர்போ போய்விடும் என்பார் இன்னொருவர். இருவர் பேச்சிலும் பாதிதான் சரி.

நம்பிக்கை: ஆயில் கறுத்துவிட்டால் இன்ஜினுக்குள் அழுக்கு சேர்ந்துவிட்டது.

உண்மை: கறுப்பது ஆயில் தன் வேலையைச் செய்வதற்கான அடையாளம். அதில் கலந்துள்ள டிடர்ஜென்ட் போன்ற சேர்மானங்கள் கரியைப் படியவிடாமல் மிதக்க வைக்கின்றன; ஆயில் மாற்றும்போது கரியும் வெளியேறுகிறது. டீசல் காரில் புது ஆயில்கூடச் சீக்கிரமே கறுக்கும். கவலைப்பட வேண்டியது ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் தார்போல் கெட்டியான கசடைப் பார்த்தால்தான்.

நம்பிக்கை: ஃப்ளஷ் டர்போவையும் சுத்தமாக்கிவிடும்.

உண்மை: டர்போவின் நடுவிலுள்ள பேரிங் பகுதிக்குத்தான் ஆயில் போகிறது. வெளியேறும் புகை படும் டர்பைன் பக்கத்துக் கரியையோ, ஈஜிஆர் வால்வின் அடைப்பையோ ஃப்ளஷ் எட்டாது. பேரிங் பகுதியிலும், சூட்டில் வெந்து இறுகிய கரி பத்து நிமிட ஐடிலிங்கில் கரைவதில்லை.

நம்பிக்கை: ஃப்ளஷ் ஊற்றினாலே டர்போ காலி.

உண்மை: நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும் டர்போ தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். ஃப்ளஷ் அந்த ஆயிலை நீர்க்கச் செய்கிறது. அதனால்தான் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதே, வண்டியை ஓட்டாதே என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறார்கள். அதை மதித்து, சுத்தமான இன்ஜினில் செய்தால் பெரிய ஆபத்தில்லை. கசடு மண்டிய இன்ஜினில் கதை வேறு. பெயர்ந்த துணுக்குகள் ஆயில் பம்பின் ஸ்ட்ரெய்னரையோ டர்போவுக்குப் போகும் மெல்லிய குழாயையோ அடைக்கலாம். பெஜோ, சிட்ரோயன், ஃபோர்டு கார்களில் வந்த 1.6 லிட்டர் டீசல் இன்ஜினில், அந்தக் குழாயின் போல்ட்டிலிருந்த சிறு வலையைக் கரி அடைத்து டர்போக்கள் பழுதானது ஐரோப்பிய மெக்கானிக்குகளுக்கு நன்கு பழகிய கதை. கரியை நீக்காமல் புது டர்போ போட்டால் அதுவும் போகும்.

ஆக, தேவைப்படாத இன்ஜினில் ஃப்ளஷ் பத்திரம். தேவைப்படும் இன்ஜினில்தான் ஆபத்து.

நம்பிக்கை: டப்பா எதற்கு? கொஞ்சம் டீசலோ மண்ணெண்ணெயோ போதும்.

உண்மை: இரண்டும் பேரிங்குகளைக் காக்கும் ஆயில் படலத்தைக் கெடுக்கும். வடித்த பிறகும் இன்ஜின் இடுக்குகளில் மிச்சம் தங்கிப் புது ஆயிலில் கலக்கும். டர்போ வண்டியில் இந்தச் சிக்கனம் வேண்டாம்.

நம்பிக்கை: கசடுக்கு ஃப்ளஷ்தான் மருந்து.

உண்மை: ஃபோக்ஸ்வாகன் பஸாட்டின் 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினில் கசடுத் தொல்லை பெருகியதால், 2004இல் அமெரிக்காவில் அந்தப் பழுதுக்கான உத்தரவாதத்தை நிறுவனம் 8 ஆண்டுகளாக நீட்டித்தது. டர்போவின் சூடு, ஆயில் கொள்ளளவின் குறைவு, தரம் குறைந்த ஆயில், தள்ளிப்போட்ட ஆயில் மாற்றம் எல்லாம் சேர்ந்து செய்த கோளாறு அது. கசடு கண்ணில் பட்டுவிட்டால் ஆயில் சம்ப்பைக் கழற்றி, ஸ்ட்ரெய்னரையும் டர்போவின் ஆயில் குழாயையும் சுத்தம் செய்வதே நேர்வழி. பிறகு இரண்டு மூன்று முறை குறைந்த இடைவெளியில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால், மிச்சத்தை ஆயிலே மெல்ல மெல்லக் கரைத்து எடுத்துவிடும்.

சர்வீஸ் பில்கள் ஒழுங்காக இருக்கும் காருக்கு ஃப்ளஷ் வரியை அடித்து நீக்கச் சொல்லுங்கள். அந்தப் பணத்துக்கு, கையேட்டில் குறிப்பிட்ட தரத்தில் ஆயிலும் நல்ல ஃபில்டரும் வாங்கலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய, வரலாறு தெரியாத கார் என்றால் முதலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஃபோர்டின் தொடக்ககால 1.0 ஈகோபூஸ்ட் போல டைமிங் பெல்ட் ஆயிலிலேயே ஓடும் இன்ஜினாக இருந்தால், கரைப்பான் அந்த ரப்பரையும் நனைக்கும். தயாரிப்பாளர் அனுமதிக்காத எதையும் அதில் ஊற்ற விடாதீர்கள்.