பூ கொடுப்பதும் தொண்டுதான்

இந்த மாதப் பாடம் பூவைப் பற்றியது.

என் ஊர் திரிங்காப். கேமரன் மலையில் தேயிலை மட்டுமில்லை, ஜப்பானுக்கு ஏற்றுமதியாகும் சாமந்தியும் விளைகிறது. தரம் பிரிக்கும்போது தண்டு வளைந்தது, குட்டையானது எல்லாம் ஒதுக்கப்படும். பூவில் ஒரு குறையும் இருக்காது. பொறியியல் படிக்கும் நான், விடுமுறையில் நண்பர்களோடு அவற்றைக் கேட்டு வாங்கி, குணப்படுத்த முடியாத நோயோடு இருப்பவர்களிடம் கொண்டு போகிறேன்.

கோயிலில் இறைவனுக்குக் கொடுப்பது நடமாடும் கோயிலாகிய அடியாருக்குச் சேராது, அடியாருக்குக் கொடுப்பதோ இறைவனுக்கும் சேரும் என்கிறார் திருமூலர்.

1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹோஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், வலி உடம்போடு நிற்பதில்லை என்றார். மனம், குடும்பம், ஆன்மிகம் எல்லாவற்றிலும் வலி உண்டு. நம் நாட்டில் ஹோஸ்பிஸ் மலேசியா 1991 முதல் நோயாளிகளின் வீட்டுக்கே சென்று பராமரிக்கிறது. மருந்து கொடுப்பது அவர்கள் வேலை. தொண்டூழியரான நாம் செய்யக்கூடியது இது:

1. முதலில் தாதியரிடம் கேளுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குப் பூச்சாடித் தண்ணீரால்கூடக் கிருமி தொற்றலாம். கடும் வாசனை சிலருக்குக் குமட்டும்.

2. சீனர்களிடையே வெள்ளை, மஞ்சள் சாமந்தி இறுதிச் சடங்குப் பூ. அவர்களுக்கு வேறு நிறம் எடுங்கள்.

3. தண்டைச் சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் முங்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். பழத்தட்டுப் பக்கம் வைக்காதீர்கள்; பழுத்த பழத்தின் எத்திலீன் வாயு பல பூக்களைச் சீக்கிரம் வாட வைக்கும்.

4. படுத்திருப்பவர் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் வையுங்கள்.

5. கொடுத்தவுடன் கிளம்பாதீர்கள், உட்காருங்கள்.

ஐந்தாவதுதான் முக்கியம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்த ஒரு பாட்டி, பூவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏன்யா, இப்போ கொழுந்து வெட்டுறது மெஷினாமே? அதுக்கு முத்தின இலை எது, கொழுந்து எதுன்னு தெரியுமா?" என்று கேட்டார். இஞ்சினியரிங் படிக்கிற எனக்குப் பதில் வரவில்லை. ரெண்டு இலையும் ஒரு மொட்டும் எப்படிக் கிள்ளுவது என்று விரலை மடக்கிக் காட்டினார். அந்த அரைமணி நேரம் அவர் நோயாளி இல்லை, எனக்கு ஆசிரியர். பூ எங்களுக்கு வாசலைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான்.

கலந்துரையாட:

• உங்கள் வட்டாரத்தில் வீணாகும் எந்தப் பொருள் இப்படிப் பயன்படும்?

• படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரிடம் நீங்கள் கற்றுக்கொள்ள விரும்புவது என்ன?