"சும்மாதான் இருக்கேன்" என்று சொல்லாதே, மகளே!

(சகோதரிகளுக்கான பாடம். வாசிக்க வேண்டிய பகுதி: நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரம்)



மயிலாப்பூர், மந்தைவெளி, தி.நகர், அடையாறு என்று வீடு வீடாகப் போய், புதிதாகக் கல்யாணமான பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுகிற வாய்ப்பு எனக்கு அடிக்கடி உண்டு. "என்னம்மா பண்றே?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. "சும்மாதான்க்கா இருக்கேன், வீட்லதான்." பி.காம். படித்த பிள்ளையும் அதைத்தான் சொல்லுகிறாள், பத்தாவது படித்த பிள்ளையும் அதைத்தான் சொல்லுகிறாள். சொல்லுகிறபோது குரல் இறங்கிவிடுகிறது.

சும்மா! இந்த ஒரு வார்த்தையைத்தான் இந்தப் பாடத்தில் ஆராயப் போகிறோம். ஏனென்றால், ஒரு பெண் பத்து வருஷம் "சும்மா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் வீட்டில் உள்ளவர்களும் அதை நம்பிவிடுகிறார்கள். பிறகு அவளே நம்பிவிடுகிறாள். அவள் சாப்பாட்டிலும், சரீரத்திலும், பாஸ் புத்தகத்திலும் அதன் பலன் தெரிகிறது.

1. "சும்மா" இருக்கிறவளின் ஒரு நாள்

காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிறவள் யார்? பால் காய்ச்சி, காபி கலந்து, டிபனும் மதியச் சாப்பாடும் ஒரே மூச்சில் முடித்து, டப்பா கட்டிக் கொடுக்கிறவள் யார்? மாமியாருக்கு மாத்திரை, குழந்தைக்குக் கஞ்சி, துணி, பாத்திரம், காஸ் புக்கிங், ரேஷன் கடை, சாயங்காலம் காய் வாங்க மார்க்கெட், ராத்திரிக்கு மாவு! வீட்டுக்கு யாராவது வந்தால் அதற்கு மேல் ஒரு சமையல்.

இது என் சொந்த அபிப்பிராயம் என்று நினைக்காதிருங்கள். மத்திய அரசின் புள்ளியியல் துறை 2024-ல் நாடு முழுவதும் ஒரு கணக்கு எடுத்தது. மக்கள் ஒரு நாளின் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்பதே அந்தக் கணக்கு. வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிஷம் செலவிடுகிறார்கள். அந்த வேலையில் கைகொடுக்கிற ஆண்கள் செலவிடுவது 88 நிமிஷம். பிள்ளைகளையும் பெரியவர்களையும் கவனிக்கிற நேரம் இதில் சேரவில்லை, அது தனிக் கணக்கு!

289 நிமிஷத்தை 30 நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 144 மணி நேரம் வருகிறது. எட்டு மணி நேர ஆபீஸ் வேலையாக எண்ணினால் மாதத்தில் 18 நாள் முழு வேலை. இதில் ஞாயிறு லீவு கிடையாது, தீபாவளி போனஸ் கிடையாது. இதற்குப் பெயர் சும்மாவா?

சென்னையில் தண்ணீர்ப் பாடு ஒன்றே போதும். 2019-ஆம் வருஷம் ஜூன் மாதம் நினைவிருக்கிறதா? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. ரயில் வந்ததைப் பேப்பர்காரர் படம் பிடித்தார்கள். ஆனால் லாரித் தண்ணீரைத் தெருமுனையிலிருந்து இரண்டாம் மாடிக்குக் கொண்டுபோனது யார்? 15 லிட்டர் பிளாஸ்டிக் குடம் நிரம்பினால் 15 கிலோவுக்கு மேல் எடை. எட்டுக் குடம் ஏற்றினால் 120 கிலோ! அதை இடுப்பில் ஏற்றிய அநேகம் பிள்ளைகள் அன்றைக்கும் "சும்மா" இருந்தவர்கள்தான்.

2. அந்த அதிகாரம் யாருக்குச் சொல்லப்பட்டது?

குணசாலியான ஸ்திரீயைப்பற்றி நாம் எத்தனையோ கல்யாண ஆராதனைகளில் கேட்டிருக்கிறோம். மணப்பெண்ணைப் பார்த்துத்தான் அதை வாசிப்பார்கள். ஆனால் அதிகாரத்தின் முதல் வசனத்தைத் திறந்து பாருங்கள். அது லேமுவேல் என்னும் ராஜாவுக்கு அவன் தாய் சொல்லிக்கொடுத்த பாடம். ஆம்! ஒரு தாய் தன் மகனுக்குச் சொன்னது. மருமகள் இன்னும் வீட்டுக்கு வருமுன்னே, "வரப்போகிறவள் செய்கிற வேலையைப் பார்க்கக் கற்றுக்கொள்" என்று மகனுடைய கண்களைத் திறந்துவிடுகிறாள். மாமியார்களே, இதைக் கவனியுங்கள்!

பத்தாம் வசனத்திலிருந்து முடிவுவரை 22 வசனங்கள். எபிரெய பாஷையில் 22 எழுத்துக்கள். ஒவ்வொரு வசனமும் எழுத்து வரிசைப்படி தொடங்குகிறது. நம்முடைய ஔவையார் ஆத்திசூடியை எழுத்து வரிசையில் பாடினாரே, அதைப்போலத்தான். எதற்காக? பிள்ளைகள் மனப்பாடம் பண்ணி மறக்காமல் இருப்பதற்காக என்று சொல்லலாம். ஒரு பெண்ணின் அன்றாட வேலை மறந்துபோகக் கூடாத காரியம் என்று அந்தக் காலத்திலேயே நினைத்திருக்கிறார்கள்.

அவள் என்னென்ன செய்தாள் என்று வரிசையாக எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து எல்லாருக்கும் ஆகாரம் பங்கிடுகிறாள். நிலத்தை விசாரித்து வாங்குகிறாள். திராட்சத்தோட்டம் போடுகிறாள். நூல் நூற்று, துணி செய்து, வியாபாரிகளிடம் விற்கிறாள். ஏழைக்குக் கை நீட்டுகிறாள். அதாவது சமையலும் அவள் கையில், கணக்கும் அவள் கையில்.

இன்னொரு காரியமும் உண்டு. 15-ஆம் வசனத்தில் அவளுக்கு வேலைக்காரிகள் இருந்ததாகச் சொல்லியிருக்கிறது. நாம் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். ஒற்றைப் படுக்கையறை வீட்டில், கைக்குழந்தையோடு, தனியாக எல்லாவற்றையும் செய்கிற பெண்ணைப் பார்த்து, "குணசாலியான ஸ்திரீயைப் பார், நீயும் இருக்கிறாயே" என்று சொல்லுகிறது நியாயமா? அந்த அதிகாரம் மருமகளை அளக்கிற முழக்கோல் அல்ல.

3. வாசலில் கிடைக்கிற பங்கு

இப்போது கடைசி வசனத்துக்கு வாருங்கள். அவள் கைகளின் பலனில் அவளுக்குப் பங்கு கொடுக்க வேண்டும், அவளுடைய வேலைகளே அவளைக்குறித்து வாசல்களில் பேச வேண்டும் என்கிற கருத்தோடு அதிகாரம் முடிகிறது. வாசல் என்றால் வீட்டு வாசல் அல்ல, பட்டணத்து வாசல். அந்நாட்களில் மூப்பர்கள் உட்கார்ந்து வழக்குத் தீர்த்த இடம் அதுதான். போவாஸ் ரூத்தின் காரியத்தைப் பத்து மூப்பர்கள் முன்பாகப் பேசி முடித்ததும் அங்கேதான். இன்றைய பாஷையில் சொன்னால் கோர்ட்டு.

அப்படியானால் நம் நாட்டுக் கோர்ட்டு இதைக்குறித்து என்ன சொல்லியிருக்கிறது?

2001-ஆம் வருஷ மக்கள்தொகைக் கணக்கில் வீட்டு வேலை பார்க்கிற பெண்களை "வேலை செய்யாதவர்கள்" என்ற பிரிவில் வைத்தார்கள். பிச்சைக்காரர், சிறைக்கைதிகள் முதலானவர்கள் இருந்த அதே பிரிவு! 2010-ல் ஒரு விபத்து நஷ்டஈட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை எடுத்துக்காட்டிக் கண்டித்தது. பெண்களின் வீட்டு வேலைக்கு மதிப்பு உண்டு என்று தெளிவாகச் சொன்னது.

நம் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூன் மாதம் இன்னும் ஒரு படி மேலே போனது. கணவர் 1983 முதல் 1994 வரை சவுதியில் வேலை பார்த்தார். மனைவி இங்கே இருந்து பிள்ளைகளை வளர்த்து வீட்டை நடத்தினாள். அந்தச் சம்பாத்தியத்தில் சொத்து வாங்கினார்கள். பிற்பாடு சொத்து யாருக்கு என்று வழக்கு வந்தது. நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி என்ன சொன்னார் தெரியுமா? வீட்டை நடத்துகிறவள் ஒரே நேரத்தில் நிர்வாகி, சமையல்காரி, வீட்டு டாக்டர், வீட்டுக் கணக்குப்பிள்ளை. கணவரின் எட்டு மணி நேர வேலைக்கு இது குறைந்ததல்ல. அவள் வீட்டைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் அவர் கடல் கடந்து போய்ச் சம்பாதித்திருக்க முடியாது. ஆகவே அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் அவளுக்கும் சரிபாதி உண்டு என்று தீர்ப்புக் கொடுத்தார். இதற்கென்று தனிச் சட்டம் இல்லை, ஆனாலும் கோர்ட்டு இந்த உழைப்பை அங்கீகரிக்கத் தடையும் இல்லை என்றார்.

எல்லா வழக்கும் இப்படியே முடியும் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு வழக்கும் அதன் சாட்சியங்களைப் பொறுத்தது. ஆனால் "சும்மா இருந்தாள்" என்கிற வார்த்தை அன்றைக்கு வாசலிலே தோற்றுப்போனது.

4. நம் வீட்டில் என்ன செய்யலாம்?

கோர்ட்டுக்குப் போகிற நிலைமை ஒரு வீட்டுக்கும் வர வேண்டாம். அதற்கு இன்றைக்கே செய்யக்கூடிய காரியங்கள் உண்டு.

(அ) சூடாகச் சாப்பிடு. எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சினதை வழித்துச் சாப்பிடுகிற பழக்கத்தை விடு, மகளே. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்த சோகை. பாதிக்கு மேல்! இரும்புச்சத்துக் குறைவு அதற்கு ஒரு முக்கிய காரணம். கீரை, பயறு, கேழ்வரகு, முட்டை எல்லாம் அவருக்கும் பிள்ளைக்கும் மட்டும் அல்ல. மூச்சு வாங்கினால், தலை சுற்றினால், "வேலை அலுப்பு" என்று தள்ளாமல் ஆஸ்பத்திரியில் இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்.

(ஆ) வேலையைப் பங்கிடுங்கள். சகோதரரே, உமக்குத்தான் இது. "ஏதாவது ஹெல்ப் பண்ணட்டுமா?" என்று கேட்டுவிட்டு டிவி முன் உட்காராதிரும். தண்ணீர் பிடிப்பது, துணி காயப்போடுவது, ராத்திரிப் பாத்திரம் என்று ஒன்றிரண்டை முழுப் பொறுப்பாக எடுத்துக்கொள்ளும். நினைவுபடுத்த வேண்டிய வேலையும் அவளுக்கு இருக்கக் கூடாது.

(இ) காகிதங்களைப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் திறந்த பேங்க் கணக்கில் நாமினி யார்? பி.எஃப்.-க்குக் கல்யாணமானபின் புதிதாக நாமினி எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தாயிற்றா? இன்சூரன்ஸ் பாலிசி எந்த பீரோவில் இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? ஒன்று தெரிந்துகொள்: பேங்க் கணக்கில் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளுகிறவர் மட்டுமே. உரிமை யாருக்கு என்பதை உயிலோ வாரிசுச் சட்டமோதான் முடிவு செய்யும். நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் வருஷ இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். கணவர் உயில் எழுதாமல் இறந்துபோனால், பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வழியில் யாருமே இல்லாமல் அவருடைய மற்ற உறவினர் இருந்தால் பாதி. இதைவிட அதிகம் மனைவிக்குச் சேர வேண்டும் என்று நினைக்கிறவர் உயில் எழுதி வைக்க வேண்டும். சாவைப்பற்றிப் பேசுகிறது அபசகுனம் என்று நாம் நினைக்கிறதில்லையே! பின்னே ஏன் தள்ளிப்போட வேண்டும்?

(ஈ) உன் வீட்டுக்கு வேலைக்கு வருகிற அக்காவை நினைத்துக்கொள். கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் அடையாறுக்கும் மயிலாப்பூருக்கும் பஸ் ஏறி வருகிறவர்கள் உண்டு. அவர்களில் எத்தனையோ குடும்பங்கள் முன்பு நகரத்துக்குள்ளேயே ஆற்றங்கரையில் குடியிருந்து, பிறகு அங்கே மாற்றப்பட்டவை. உன் வீட்டுப் பாத்திரத்தைத் தொடுமுன்னே அவள் தன் வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்திருக்கிறாள். நம் உழைப்புக்கு மதிப்புக் கேட்கிற நாம் அவள் சம்பளத்தில் பேரம் பேசலாமா? வாரத்தில் ஒரு நாள் லீவு, உடம்பு முடியாத நாளில் சம்பளப் பிடித்தம் இல்லை என்று நாமே முந்திச் சொல்லலாமே.

சிந்தனைக்கும் கலந்துரையாடலுக்கும்

1. ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு எழுந்தேன், என்ன வேலை, எத்தனை நிமிஷம். கணவரும் தனியாக எழுதட்டும். சனிக்கிழமை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2. உங்கள் வீட்டில் மனைவி பெயரிலோ, இருவர் பெயரிலோ இருக்கிறவை எவை?

3. மகனுக்கு எந்த வீட்டு வேலையைக் கற்றுக்கொடுத்தீர்கள்? லேமுவேலின் தாய் கற்றுக்கொடுத்தாளே!

4. வேலை தேடுவதா, வீட்டிலிருப்பதா என்று முடிவு செய்தபோது அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டார்களா?

இந்த நான்கு கேள்விகளையும் சகோதரிகள் மட்டும் உட்கார்ந்து பேசி எழுந்துவிடாதிருங்கள். சகோதரர்களையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். அன்றைக்குக் காபி அவர்களே போடட்டும்!