ரேகையும் கையொப்பமும்

சங்கத்தில் கடன் பெறும்போதும் நூல் பெறும்போதும் அங்கத்தினர் பதிவேட்டில் கையொப்பமிடுகிறார். எழுத அறியாதவர் பெருவிரல் ரேகை வைக்கிறார். இரண்டும் செல்லுபடியாகும். அவ்வாறாயின், எழுத்தறிவு ஒருவருக்குத் தரும் வலிமைதான் யாது? இவ்வினாவிற்கு மதுரைச் சீமையின் வரலாறே விடை தருகிறது.

அமெரிக்க மிஷனார் 1842ஆம் ஆண்டில் திருமங்கலத்தில் தொடங்கிய கல்விச்சாலை, 1845இல் பசுமலைக்கு வந்தது. பின்னர் இங்கு உயர்நிலைப் பள்ளியும் அச்சகமும் தோன்றின. பசுமலையில் பிள்ளைகள் எழுதப் பழகிப் பல ஆண்டுகள் சென்ற பின்பும், மேற்கே உசிலம்பட்டி வட்டாரத்துக் குடிமக்களிடம் அரசாங்கம் கேட்டது கையெழுத்தையன்று, விரல் ரேகையையே.

1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்ப் பிரமலைக் கள்ளர் சமூகத்தார், குற்றம் செய்தவர் செய்யாதவர் என்ற வேறுபாடின்றிப் பெயர் பதிந்து ரேகை வைக்கப் பணிக்கப்பட்டனர். பதிவு பெற்ற ஆடவர் இரவில் காவல் நிலையம் சென்று தங்க நேர்ந்தது. வெளியூர் செல்லவும் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. மக்கள் இதனை ‘ரேகைச் சட்டம்’ என்றே வழங்கினர். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரார் ரேகை வைக்க மறுத்தனர். அன்று போலீசாரின் தாக்குதலில் மாயக்காள் என்ற பெண்மணி உள்ளிட்ட 16 பேர் மாண்டனர்.

விரலில் மை படுவதற்கு அஞ்சியா அவர்கள் உயிரைக் கொடுத்தனர்? அன்று. அந்த ஏட்டில் அவர்களைப் பற்றி எழுதியவர் பிறர்; அதனைப் படித்தவரும் பிறர்; திருத்தும் உரிமையும் பிறருக்கே இருந்தது. ஏடு எவர் கையில் உள்ளதோ அவரிடமே அதிகாரமும் இருக்கும் என்பதை அம்மக்கள் பள்ளி செல்லாமலே உணர்ந்திருந்தனர்.

ஏட்டினால் வந்த துன்பத்தை எதிர்க்கவும் ஏடே துணையாயிற்று. மதுரையில் வழக்கறிஞராய் விளங்கிய ஜார்ஜ் ஜோசப் அவர்களுக்காக வாதாடினார். மக்கள் அன்புடன் அவரை ‘ரோசாப்பூ துரை’ என்று அழைத்தனர். கள்ளர் சீரமைப்புத் திட்டம் என்ற பெயரில் ஊர்ப் பள்ளிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் ஏற்பட்டன. அத்திட்டமும் மேலிருந்து வந்ததே. ஆயினும், ஒருமுறை கற்ற எழுத்தைக் கற்பித்தவராலும் திரும்பப் பெற இயலாதன்றோ? நெடிய போராட்டத்தின் பயனாக 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது? இழிவு விரலில் இல்லை. இன்று நியாயவிலைக் கடையில் பட்டதாரியும் கருவியில் விரல் வைத்தே அரிசி பெறுகிறார். பதியப்படுவது இன்னதென அறியாதிருப்பதே இழிவு. 1951இல் இந்திய மக்களுள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 18 பேரே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அத்தொகை நூற்றுக்கு 80 ஆயிற்று. இது பெருமைக்குரியதே. ஆனால், படித்துப் பாராமல் இடும் கையொப்பமும் வெறும் ரேகையே ஆகும். கடன் பத்திரத்தின் வட்டி விகிதத்தைப் பாராத விவசாயியும், பாசுபுத்தகத்தில் நூலின் எடையும் கூலியும் சரியாக ஏறியுள்ளனவா என்று நோக்காத நெசவாளியும், தம் ஏட்டைப் பிறர் கையில் விட்டவர்களே.

ஆகவே அங்கத்தினர்கள் மூன்று வழக்கங்களைக் கைக்கொள்வார்களாக. ஒன்று, படித்த பின்னரே கையொப்பமிடுதல். படிக்க அறியாதார் நம்பிக்கைக்குரிய ஒருவரைக் கொண்டு முழுவதும் படிக்கச் செய்து கேட்டல். இரண்டு, பொதுக்குழுவில் வரவு செலவு வாசிக்கப்படும்போது விளங்காததை எழுந்து வினவுதல். மூன்று, எழுதப் படிக்க அறிந்தவர் அறியாத ஒருவருக்கேனும் தம் பாசுபுத்தகத்தைத் தாமே படிக்கக் கற்பித்தல்.

சங்கத்தின் ஏடு நம் அனைவருக்கும் உரியது. அதனைப் படிக்கத் தெரிந்தவர் பெருகப் பெருக, சங்கமும் உண்மையிலேயே நமதாகும்.

கலந்துரையாடுவதற்குரிய வினாக்கள்

1. பெருங்காமநல்லூரார் மறுத்தது ரேகையையா, பதிவேட்டையா?

2. நம் சங்கத்தில் படிக்காமலே கையொப்பமிடும் பத்திரங்கள் எவை?

3. நம் தெருவில் எழுத்தறியாதார் எத்தனை பேர்? அவர்களுக்குக் கற்பிக்க முன்வருவார் யார்?