பாலர் பள்ளியில் ஆடு வளர்த்தல்

இளம் பிள்ளைகளுக்கு உயிர்களிடத்து அன்பும் பண்ணைத் தொழிலில் பற்றும் உண்டாக்க, பாலர் பள்ளியில் ஆடு வளர்ப்பது நன்று. ஆயினும் 5 வயதுக்கு உட்பட்டோர் கையை அடிக்கடி வாயில் வைப்பர். நோயைத் தாங்கும் வலிவும் அவர்க்குக் குறைவு. ஆதலின் கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் அவசியம்.

1. ஆடு தனித்திருக்க விரும்பாது. ஆகையால் சாதுவான, வளர்ந்த வெள்ளாடுகள் இரண்டு வேண்டும். சினையாடு கூடாது, நஞ்சுக்கொடியாலும் நோய் பரவும். கோழிக்குஞ்சுகளையும் விலக்குக. அவை நலமாகத் தோன்றினும், எச்சத்திலுள்ள கிருமிகளால் பேதியும் ஜுரமும் காணலாம்.

2. கொட்டில், பிள்ளைகள் உண்ணும் இடத்துக்கும் கிணற்றுக்கும் எட்ட இருத்தல் வேண்டும். புழுக்கையைப் பெரியோரே நாள்தோறும் அள்ளி எருக்குழியில் இடுக. கால்நடை மருத்துவரைக் கொண்டு உரிய காலத்தில் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும்.

3. ஆட்டைத் தொட்ட பிள்ளை ஒவ்வொன்றும் சோப்பிட்டு, ஊற்றும் நீரில் கைகழுவிய பின்னரே உண்ண வேண்டும். ஒரே பாத்திரத்து நீரில் பலர் கைநனைப்பது பயனற்றது.

4. தெருநாயை வளாகத்தில் நுழையவிடலாகாது. நாய் கடித்தாலோ கீறினாலோ, புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்று தடுப்பூசி போடுவிக்க வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி அப்பி நாளைக் கடத்துவது உயிருக்கே ஆபத்து. வெறிநோயின் குறிகள் கண்டபின் பிழைப்பது மிக அரிது.

கிராம அதிகாரிகளும் நிலக்காரர்களும் ஆடு வாங்கித் தருமுன், கைகழுவும் குழாயையும் சோப்பையும் அமைத்துத் தருவாராக.