புஜ்ஜிக்கு நாள் குறித்தபோது

எங்கள் புஜ்ஜி 14 வயதுப் பொமரேனியன். சிறுநீரகம் பழுதாகிவிட்டது. டிரிப்ஸ் ஏற்றினால் ஒருநாள் எழுந்து நடப்பாள். மறுநாள் தயிர்சாதத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஊசி போட்டு அனுப்பிவிடலாமா என்று நான் கேட்டபோது, "பாவம்டி, அதுவா போகட்டும்" என்றார் அம்மா.

கிழட்டு நாய் தூக்கத்திலேயே போய்விடும் என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். சிறுநீரகம் கெட்ட நாய்க்கு அப்படி வாய்ப்பது அரிது. ஓயாத குமட்டல், வாய்ப்புண், சில நேரம் வலிப்பு என்று இழுத்துக்கொண்டு போகும். டாக்டர் இதை அம்மாவிடமே உட்கார்ந்து சொன்னார். அப்புறம் அம்மா வைத்த நிபந்தனை ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை வேண்டாம்.

எப்போது என்பதுதான் கஷ்டம். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஓர் அளவுகோல் தந்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என ஏழுக்கும் தலா 10 மதிப்பெண். மொத்தம் 35-ஐத் தாண்டினால் இன்னும் கொஞ்சநாள் பார்க்கலாம். இதோடு, தினசரிக் காலண்டரில் நல்ல நாள், கெட்ட நாள் என்று குறித்தும் வைத்தோம். நேற்று வாலாட்டியது மட்டுமே மனசில் நிற்கும்; காலண்டர்தான் உள்ளதைச் சொல்லும்.

கிளினிக் மேஜையில் ஏற்றினாலே புஜ்ஜி நடுங்குவாள். அதனால் வீட்டில் வைத்துத்தான் என்று முடிவெடுத்தோம். எல்லா டாக்டர்களும் வீட்டுக்கு வருவதில்லை. வருகிறவரிடம் முதலில் மயக்க ஊசி போடுவீர்களா என்று கட்டாயம் கேளுங்கள். தேவையில்லை என்பவரை நான் அழைக்கமாட்டேன். கையெழுத்து, ஃபீஸ் எல்லாவற்றையும் முன்னாலேயே முடித்துவிடுங்கள். அந்த நேரத்தில் பர்ஸைத் தேட முடியாது.

மயக்க ஊசி தொடையில். சிறிது நேரத்தில் நாய் ஆழ்ந்து தூங்கிவிடும். பிறகு காலில் முடியை மழித்து நரம்பில் ஊசிக்குழாய் பொருத்துவார்கள். நீர் வற்றிய கிழ உடம்பில் நரம்பு சட்டென்று கிடைக்காது. வேறு காலில் தேட நேரலாம், பதறாதீர்கள். அந்தக் குழாய் வழியே அளவுக்கு மீறிய மயக்கமருந்து செலுத்தியதும், பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் மூச்சும் இதயமும் நின்றுவிடும். கண் மூடாது. சிறுநீர் போகலாம், அடியில் பழைய போர்வை விரித்துவையுங்கள். இதயம் நின்றபின்னும் ஓரிரு முறை பெருமூச்சு வரக்கூடும். அது உயிர் திரும்புவதல்ல, வலியும் அல்ல. டாக்டர் இதை முன்பே சொல்லிவைத்ததால்தான் அம்மா கலங்காமல் நின்றார்.

புதைப்பதாக இருந்தால் ஆழக் குழி தோண்டுங்கள், கிணற்றடியிலிருந்து தள்ளி. மருந்து உடலிலேயே தங்கியிருக்கும். தெருநாயோ காக்கையோ கிளறித் தின்றால் அதற்கும் ஆபத்து. இடமில்லாதவர்கள் உங்கள் ஊரில் தகனத்துக்கு என்ன வழி என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பார்க்கத் தாங்காது என்று வெளியே போய்விடாதீர்கள். மயக்கம் ஏறும்வரைக்குமாவது தலையைத் தடவிக்கொண்டு, வழக்கமாகக் கூப்பிடும் பெயரைச் சொல்லிக்கொண்டு இருங்கள். உங்கள் வீட்டிலும் வயதான நாயோ பூனையோ இருந்தால், வீட்டுக்கு வரும் டாக்டர் யார் என்று இப்போதே கேட்டு, நம்பரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.